மொங்கோல்ஃபியே பலூன், 1783: கொள்ளளவு எவ்வளவு, உள்ளே சூடு எவ்வளவு?

#1 கன_அடி

1783 நவம்பர் 21 அன்று பாரிசின் லா முயெத் மாளிகைத் தோட்டத்திலிருந்து பிலாத்ர் தெ ரொஸியேயும் மார்க்கி தார்லாந்தும் ஏறிக் கிளம்பிய, மொங்கோல்ஃபியே சகோதரர்களின் (ஜோசப், எத்தியென்) வெப்பக்காற்று பலூனின் கொள்ளளவு 1,700 கன மீட்டர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதி அந்த எண் நிலைத்துவிட்டது. அதை விட்டுவிட வேண்டும் என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அன்றைக்கே எழுதப்பட்டு, பெஞ்சமின் பிராங்க்ளின் உட்படப் பலர் கையெழுத்திட்ட சாட்சிப் பத்திரம் சொல்வது: உயரம் 70 அடி, விட்டம் 46 அடி, கொள்ளளவு 60,000 கன அடி, தூக்கிய எடை 1,600 முதல் 1,700 லிவ்ர். இங்கே அடி என்பது பிரெஞ்சு அரச அடி, 32.48 செ.மீ. ஆங்கில அடி 30.48 செ.மீ. நீளத்தில் 2 செ.மீ. பெரிதாகத் தெரியாது. கன அளவுக்குப் போனால் அதுவே 21 சதவீதம் ஆகிவிடும். அரச அடியில் கணக்கிட்டால் 2,057 கன மீட்டர். ஆங்கில அடி என்று எடுத்துக்கொண்டால் 1,699. புழக்கத்தில் இருக்கும் 1,700 எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே தெரிகிறது. லிவ்ரும் ஆங்கிலப் பவுண்டு அல்ல, 489.5 கிராம். ஆகத் தூக்கிய மொத்த எடை 783 முதல் 832 கிலோ.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உள்ளே இருந்த சூடு இந்த எண்ணைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வெளிக்காற்று 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி கன மீட்டருக்கு 1.27 கிலோ. 832 கிலோவை 2,057 கன மீட்டர் தூக்க, ஒவ்வொரு கன மீட்டரும் 0.40 கிலோ தூக்க வேண்டும். அதற்கு உள்காற்றின் சராசரி வெப்பம் 135 டிகிரி. 1,700 என்று எடுத்தால் அதே எடைக்கு 180 டிகிரியை நெருங்க வேண்டியிருக்கும். துணியும் காகிதமும் பசையுமாக ஒட்டிய உறைக்கு 135 தாங்கக்கூடியது. சராசரியே 180 என்றால் தீக்கு நேர்மேலே இன்னும் பல மடங்கு சூடு இருந்திருக்கும். 25 நிமிடம் உறை தாங்கியிருக்காது.


#2 நெசவுநூல்

கணக்கு சரி. துணிப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த இயந்திரத்தின் குறையெல்லாம் உறையின் எடையில்தான் இருந்தது.

1783 ஜூன் 4 அன்று (சில பதிவுகளில் 5) பிரான்சின் அனோனே ஊர்ச் சதுக்கத்தில் பொதுமக்கள் முன் ஏறிய பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 110 அரச அடி, அதாவது விட்டம் 11.4 மீட்டர். சாக்குத்துணி போன்ற முரட்டு லினன், அதன் உட்புறம் மெல்லிய காகிதம் மூன்று அடுக்கு. மேல்மூடி ஒன்று, பக்கப் பட்டைகள் மூன்று என்று நான்கு துண்டுகளாகச் செய்து 1,800 பொத்தான்கள் போட்டு இணைத்தார்கள். வெளியே மீன்வலை போல் கயிற்று வலை. கீழே வாய் விரிந்திருக்க மரச்சட்டம். மொத்தம் 500 லிவ்ர், நம் கணக்கில் 245 கிலோ.

மேற்பரப்பு ஏறத்தாழ 406 சதுர மீட்டர். அப்படியானால் சட்டம், வலை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிராம். இன்றைய பலூன்களின் பூச்சிட்ட நைலான் 65 கிராம் அளவில் நிற்கும். ஒன்பது மடங்குக்கு மேல் கனத்த உறையை வைக்கோல் தீயால் தூக்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

பொத்தானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காகிதம்தான் என்று நினைக்கிறேன். காகித அடுக்கில் நெருக்கமாகத் தையல் ஓட்டினால் ஊசித்துளை வரிசையே கிழியும் கோடாகிவிடும். பொத்தான் போட்டால் துண்டுகளைத் தனித்தனியே மடித்து எடுத்துப் போகலாம், ஓரத்துக்கு மட்டும் கூடுதல் துணி கொடுத்து வலுவாக்கலாம். கெடுதல் என்னவென்றால் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே ஓரம் வாய் பிளக்கும், சூடான காற்று அதன் வழியே கசியும். பிறகு பாரிசில் செய்த உறைகளில் இந்த முறையைக் காணோம்.

மொங்கோல்ஃபியே சகோதரர்களின் குடும்பத் தொழில் காகிதம் என்பதை மறக்கக் கூடாது. அனோனேக்குப் பக்கத்தில் விதாலோன் ஆலை அவர்களுடையது. எந்தத் தாள் மெலிந்தும் காற்றை விடாமலும் இருக்கும் என்பது கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள்.


#3 வினாக்குறி

இரண்டு கேள்விகள். புகைதான் பலூனைத் தூக்குகிறது என்று சகோதரர்கள் நம்பினார்கள் என்கிறார்களே, அது உண்மையா? இவர்களுக்கு முன்பே போர்ச்சுகலில் ஒரு பாதிரியார் செய்துவிட்டார் என்பதும் உண்மையா?


#4 கணப்பு

இரண்டாவதற்கு முதலில். பர்த்தொலொமேயு தெ குஸ்மாவ், 1709 ஆகஸ்ட் 8, லிஸ்பன், அரசர் ஐந்தாம் ஜுவாவின் முன்னிலையில். சிறிய காகித பலூன், அடியில் தீ. கூடத்துக்குள் சுமார் 4 மீட்டர் எழும்பியது. திரைச்சீலையில் தீப்பிடிக்கும் என்று பயந்து பணியாளர்கள் அதைத் தட்டி இறக்கிவிட்டார்கள். நடந்தது உண்மை, ஆனால் அதைப் பெரிதாக்கும் வேலை தொடரவில்லை. சீனாவில் காகித விளக்குகள் பறந்ததும் அதற்கு வெகுமுன்பே. மனிதரைத் தூக்கும் அளவுக்கு உறையைப் பெரிதாக்கியது மொங்கோல்ஃபியே குடும்பம்தான்.

இப்போது புகை. ஆமாம், நம்பினார்கள். ஜோசப் 1782 நவம்பரில் அவிஞோனில் டஃபேட்டா துணியால் ஒரு சிறு பெட்டி செய்து, அடியில் காகிதத்தை எரித்து அறைக் கூரை வரை ஏற்றினார். எரியும்போது காற்றைவிட லேசான ஒரு தனி வாயு பிறக்கிறது என்பது அவர்கள் கருத்து. தாவரப் பொருளான வைக்கோலும் விலங்குப் பொருளான கம்பளியும் சேர்ந்து எரிந்தால் அந்த வாயு நிறைய வரும் என்று நினைத்து நறுக்கிய கம்பளியை வைக்கோலோடு போட்டார்கள். நாற்றமும் அடர்ந்த புகையும் வந்தன. கூடுதல் தூக்குவிசை எதுவும் வரவில்லை. ஈரக் கம்பளி தீயின் சூட்டைக் குறைத்திருக்கவே வாய்ப்பு.

ஜெனீவாவின் அறிவியலாளர் தெ சோசூர் இதைத் தெளிவாக்கினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சிறு காகித பலூனுக்குள் நுழைத்தார். புகையே இல்லை, பலூன் எழும்பியது. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனாலும் கம்பளி போடும் வழக்கம் சட்டென்று போகவில்லை.

வைக்கோல் மட்டும் நல்ல தேர்வுதான். விறகு மெதுவாகச் சூடேறி, கரியாகி, நின்று எரியும். வைக்கோல் போட்டவுடனே உயர்ந்த சுவாலையாக எரிந்து அடங்கிவிடும். உறையை நிரப்பும்போதும், மேலே போன பிறகு ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும்போதும் வேண்டியது இந்த உடனடிச் சூடுதான். குறை, அதன் பொறி. எரிந்தும் எரியாத துரும்புகள் சூடான காற்றோடு மேலே போய் உறையில் ஒட்டும்.


#5 கன_அடி

> எரியும்போது காற்றைவிட லேசான ஒரு தனி வாயு

இந்த நம்பிக்கை அவர்கள் எண்களிலும் புகுந்துவிட்டது. அனோனே பலூன் 22,000 கன அடி. அது இடம்பெயர்க்கும் காற்று 1,980 லிவ்ர் என்று கணக்கிட்டார்கள். கன மீட்டருக்கு 1.28 கிலோ வருகிறது. அந்தக் காலத்துக்கு நல்ல மதிப்பு. பிறகு உள்ளே இருக்கும் 'வாயு' காற்றில் பாதி எடை என்று வைத்துக்கொண்டு, 990 லிவ்ர் தூக்குவிசை, உறை 500 போக 490 மிச்சம் என்றார்கள்.

காற்றைப் பாதி எடையாக்க அதன் கெல்வின் வெப்பநிலையை (செல்சியஸோடு 273 கூட்டியது) இரட்டிப்பாக்க வேண்டும். 25 டிகிரி நாளில் அது 320 டிகிரிக்கு மேல். உட்புறக் காகிதம் 230 டிகிரி வாக்கிலேயே எரிந்துவிடும். ஆகவே 490 லிவ்ர் மிச்சம் இருந்திருக்க முடியாது.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். அனோனே கடல்மட்டத்துக்கு 350 மீட்டர் வாக்கில் உயரம். 25 டிகிரியில் காற்றடர்த்தி 1.14. 245 கிலோவை 754 கன மீட்டர் தூக்க உள்ளே சராசரி 144 டிகிரி வேண்டும். அதுவும் தரையைவிட்டு எழ மட்டும். ஆட்கள் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இழுத்தது என்பதால் இன்னும் இருபது முப்பது டிகிரி கூட இருந்திருக்கலாம்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று. 10 நிமிடம் பறந்தது, 2 கி.மீ.க்கு மேல் போனது என்பதை ஏற்கலாம். 1,900 மீட்டர் உயரம் போனது என்கிறார்களே, அதை ஏற்க முடியவில்லை. ஏறி இறங்க 3,800 மீட்டர், 600 விநாடி. சராசரி விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் தரையைத் தொட்ட பொருள் திராட்சைத் தோட்டத்தில் கொடியும் கொம்பும் ஒடியாமல் மெத்தென்று இறங்கியது என்பதும் அதே பதிவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. கண்ணால் பார்த்து மதிப்பிட்ட உயரத்தைவிட, கையால் தொட்டுப் பார்த்த கொடிகளை நான் நம்புவேன்.


#6 நெசவுநூல்

வெர்சாய் அரண்மனையில் நடந்த பறத்தல் பற்றிச் சுருக்கமாக. ஆடு, வாத்து, சேவல் மூன்றையும் பலூனில் ஏற்றி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் செப்டம்பர் 19 அன்று அரசர் முன் பறந்தது அவசரத்தில் செய்த இரண்டாவது உறை என்பது பலருக்குத் தெரியாது.

முதல் உறையைப் பாரிசின் சுவர்த்தாள் உற்பத்தியாளர் ரெவெய்யோன் தொழிற்சாலையில் எத்தியென் செய்தார். துணியும் காகிதமும் பசையால் ஒட்டியது. அந்த மாதம் சோதனையின்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த காகிதம் இரண்டு வகையில் கெடுக்கும். பசை இளகி அடுக்குகள் பிரியும். அதோடு உறை குடித்த தண்ணீர் முழுக்கக் கூடுதல் எடை. 800 சதுர மீட்டர் உறை சதுர மீட்டருக்கு 100 கிராம் தண்ணீர் குடித்தால் 80 கிலோ, அதாவது ஒரு ஆள். காற்றும் சேர்ந்து அடிக்க அந்த உறை உருப்படாமல் போயிற்று. சில நாட்களுக்குள் புதிதாக ஒன்றைச் செய்து முடித்தார்கள். தீக்காகப் படிகாரம் கலந்த பூச்சு கொடுத்தார்கள். படிகாரம் சூட்டில் தன் நீரை விடுவதால் துணி பற்றிக்கொள்ளத் தாமதமாகும். பொறி விழுந்த இடம் கருகும், சுவாலையாகப் பரவாது.

பறந்தது 8 நிமிடம், 3 கி.மீ. சொச்சம். கிளப்பும்போது காற்றடித்து மேற்பகுதியில் கிழிந்ததால் எத்தியென் எதிர்பார்த்ததைவிட முன்பே இறங்கிவிட்டது. சேவலின் சிறகு அடிபட்டதற்கு உயரம் காரணமில்லை, கிளம்பும் முன்பே ஆடு உதைத்தது என்று விசாரித்து முடிவு செய்தார்கள். அடுத்து மனிதர் ஏறலாமா என்ற முடிவு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த விசாரணையை அவர்கள் மெனக்கெட்டு நடத்தியது நியாயம்தான்.


#7 கணப்பு

நவம்பர் 21 பலூனின் தீ அமைப்பை விரிவாக எழுதுகிறேன். இங்கேதான் எல்லாம் புதிது.

அதுவரை தீ தரையில் இருந்தது. இதில் கழுத்தைச் சுற்றி வட்டமாகப் பிரம்பு நடைமேடை, மூன்று அடி அகலம், வெளிப்புறம் கைப்பிடிச் சுவர். வாயின் நடுவே சங்கிலிகளில் தொங்கும் இரும்புக் கணப்பு. கழுத்தில் வெட்டிய திறப்புகள் வழியே வைக்கோலைக் கவையால் கணப்புக்குள் தள்ள வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் மேடை சாயும். நடுவே கழுத்தும் தீயும் இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, கூப்பிட்டுத்தான் பேசினார்கள். அக்டோபர் 15 முதல் கயிறு கட்டிச் சோதித்தபோது பிலாத்ர் தனியாக ஏறியதால் எதிர்ப்பக்கம் ஈடான எடை வைத்தார்கள்.

அந்தக் கயிற்றுச் சோதனைகள்தான் உண்மையான பயிற்சி. வைக்கோல் போட்டால் ஏறும், விட்டால் இறங்கும் என்பது எல்லோருக்கும் புரியும். எவ்வளவு போட்டால் எவ்வளவு, எத்தனை நேரம் கழித்து என்பதுதான் கடினம். கன_அடி கொடுத்த எண்களை வைத்தே பார்க்கலாம். உறைக்குள் இருக்கும் சூடான காற்றின் எடை மட்டும் 1,780 கிலோ. தூக்கிய எடையோடு சேர்த்து 2.6 டன் நகர வேண்டும். உள்காற்று 1 டிகிரி கூடினால் தூக்குவிசை 4.4 கிலோதான் கூடும். ஒரு கிலோ வைக்கோலின் சூடு முழுதும் உள்ளே போனால் 8 டிகிரி, அதாவது 35 கிலோ விசை. 2.6 டன்னை 35 கிலோ விசை தள்ளினால் வேகம் பிடிக்க நேரமெடுக்கும். அதனால் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு வைக்கோல் போடுகிறவர் தாமதித்துவிட்டார். ஒரு சோதனையில் காற்று பலூனை மரங்கள் மேல் தள்ளியபோது பிலாத்ர் தீயைக் கூட்டி மேலெழும்பித் தப்பினார். அந்த அளவுக்கு அவர் கை பழகியிருந்தது.

நிரப்பும் முறை: மேடை, மேடை நடுவே தீக்குழி, இருபுறமும் உயர்ந்த கம்பங்கள். கம்பங்களுக்கிடையே ஓடும் கயிற்றில் உறையின் உச்சியைத் தூக்கி நிறுத்துவார்கள். முதலில் உறை தொங்கும் துணியாகவே இருக்கும், அப்போது பெருந்தீ போட்டால் சுவர் தீயில் படும். எனவே சிறு தீயில் தொடங்கி, ஆட்கள் ஓரங்களை வெளியே இழுத்துப் பிடித்து, வயிறு பருத்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் காற்றடித்தால் ஆபத்து. அன்றும் அதுதான் நடந்தது. முதலில் கயிறு கட்டிச் சோதித்தபோது காற்று இழுத்து உறை கிழிந்தது. தைத்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. பிறகே 1.54க்குக் கிளம்பினார்கள்.

மேலே போனபின் உறையின் கீழ்ப்பகுதியில் பொறி பட்டு ஓட்டைகள் விழுந்ததைத் தார்லாந்த் பார்த்தார். கொண்டுபோன கடற்பஞ்சை நனைத்து எட்டிய இடங்களை அணைத்தார். கயிறுகளில் சில அறுந்திருந்தன, மிச்சம் தாங்குகின்றனவா என்று சோதித்துவிட்டு நகரைத் தாண்டலாம் என்று முடிவெடுத்தார்கள். 25 நிமிடத்தில் 9 கி.மீ. வாக்கில் போய்ப் பூத்-ஓ-காய் மேட்டில் காற்றாலைகளுக்கு நடுவே இறங்கினார்கள். வைக்கோலில் பெரும்பகுதி மிச்சம். எரிபொருள் தீர்ந்து இறங்கவில்லை. உறை எரிகிறதே என்றுதான் இறங்கினார்கள்.

ஓட்டையோடு எப்படி மிதந்தது என்ற கேள்விக்கு விடை அழுத்தத்தில் இருக்கிறது. வாயில் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமம். மேலே போகப்போக உள்ளழுத்தம் கூடும். 20 மீட்டர் உயரத்தில் சுமார் 78 பாஸ்கல், 8 மி.மீ. நீர்மட்டம் அளவு. எனவே கீழே விழுந்த ஓட்டையில் காற்று அதிகம் போகாது. உச்சியில் 1 சதுர மீட்டர் ஓட்டை விழுந்தால் விநாடிக்கு 8 கன மீட்டர் போகும், நாலைந்து நிமிடத்தில் உறையளவு காற்று வெளியேறிவிடும். பொறிகள் பெரும்பாலும் கழுத்தருகே ஒட்டியது அவர்கள் அதிர்ஷ்டம்.


#8 தனிவழி

கணப்பு எழுதியதில் ஒரு விஷயத்தில் நான் உடன்படவில்லை. தீயை மேலே கொண்டுபோனதுதான் முன்னேற்றம் என்பது போல் எழுதியிருக்கிறார். எடின்பரோவில் ஜேம்ஸ் டைட்லர் 1784 ஆகஸ்ட் 27 அன்று அடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தாரே. 40 அடி உயரப் பீப்பாய் வடிவ உறை, பீங்கான் பாத்திரம் கட்டும் கூடை ஒன்றில் உட்கார்ந்து போனார், அரை மைல் தாண்டி ரெஸ்டால்ரிக் கிராமத்தில் இறங்கினார். பிரிட்டனில் முதல் பறத்தல் அது. தீ இல்லை, பொறி இல்லை, உறை கருகவில்லை. இரும்பு அடுப்பின் எடையும் மிச்சம். முதலிலேயே இந்த வழியில் போயிருந்தால் உறைகள் நீடித்திருக்கும்.


#9 கன_அடி

உறை நீடிக்கும், பறத்தல் நீடிக்காது. எவ்வளவு நேரம் என்று கணக்கிடலாம்.

உறையின் சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 5 வாட் சூடு போகிறது என்று தோராயமாக எடுத்துக்கொள்கிறேன். அனோனே அளவு பலூனுக்குச் சூட்டு வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 5 நிமிடம். லா முயெத் அளவுக்கு ஏழரை நிமிடம். தரைச்சூட்டோடு கிளம்பிய அனோனேயும் வெர்சாயும் 10, 8 நிமிடம் என்று நின்றதற்கு இதுவே காரணம். டைட்லர் உறை கிட்டத்தட்ட அனோனே அளவு, ஆளையும் தூக்க வேண்டும். எனவே ஒரு தாவலாகத்தான் போயிற்று. துணிச்சலான தாவல், அதில் சந்தேகமில்லை. நகரைத் தாண்டும் வழி அதில் இல்லை.

அதே கணக்கில் லா முயெத் பலூன் மிதந்துகொண்டே இருக்க 500 கிலோவாட் வேண்டும். வைக்கோல் கிலோவுக்கு 15 மெகாஜூல் என்றால் நிமிடத்துக்கு 2 கிலோ. முழுதும் எரியாமல் போவதையும் கசிவையும் சேர்த்தால் 3 கிலோவுக்கு மேல். இரண்டு பேர் கவையால் விடாமல் தள்ள வேண்டிய அளவு இது. தார்லாந்த் சற்றே காட்சியில் மயங்கி நின்றபோது, ஒன்றும் செய்யாமல் நிற்கிறீர்கள், ஏறவே மாட்டோம் என்று பிலாத்ர் அதட்டினார் என்பது தார்லாந்தின் கடிதத்திலேயே இருக்கிறது.


#10 நெசவுநூல்

தனிவழி சொன்ன உறை நீடிப்பு என்ற கவலைக்கு மறுகோடி உதாரணம் லியோனில் 1784 ஜனவரி 19 அன்று ஏறிய 'ஃபிளெசெல்'. 23,000 கன மீட்டர் என்று சொல்லப்படும் பேருறை, ஏழு பேர், ஜோசப் மொங்கோல்ஃபியே பறந்த ஒரே தடவை. பெரிதாக்கினால் பரப்பைவிடக் கன அளவு வேகமாகக் கூடும், சூடு மெதுவாகப் போகும். இது சரி. ஆனால் உறையின் இழுவிசை ஆரத்தோடும் உயரத்தோடும் கூடுகிறது. துணி அதே துணி. மழையிலும் பனியிலும் பல நாள் கிடந்து நைந்திருந்த உறை மேலே போனதும் நீளமாகக் கிழிந்தது. கால் மணி நேரத்துக்குள் வேகமாக இறங்கி மோதினார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். உச்சி அழுத்தம் பற்றிக் கணப்பு எழுதியதற்கு இதுவே சாட்சி.


#11 அமிலக்குடுவை

இத்தனை தொல்லை இருந்தும் வெப்பக்காற்று முதலில் ஜெயித்ததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்: மலிவு, வேகம். ஹைட்ரஜன் பலூனை நிரப்புவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால்தான் அது புரியும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் ழாக் ஷார்லும் ரொபேர் சகோதரர்களும் 1783 ஆகஸ்ட் 27 அன்று விட்ட ஆளில்லா பலூன் 4 மீட்டர் விட்டம், 33 கன மீட்டர் சொச்சம். டர்பெண்டைனில் கரைத்த ரப்பர் பூசிய பட்டு. ஹைட்ரஜனுக்கு இரும்புத்தூள் 1,000 லிவ்ர், கந்தக அமிலம் 498 லிவ்ர். அதாவது 490 கிலோ, 244 கிலோ. வேதியியல் கணக்குப்படி அந்த அளவு வாயுவுக்கு இரும்பு 78 கிலோ, தூய அமிலம் 137 கிலோ போதும். பாக்கியெல்லாம் கசிவிலும், எதிர்வினை பாதியில் நின்றதிலும் போயிற்று. வினை கடுமையாகச் சூடேறும். நீராவியும் அமில ஆவியும் வாயுவோடு உறைக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகும். அமிலத்துளி பட்டுத்துணியைத் தின்றுவிடும். அதனால் குழாய்களையும் உறையையும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே, அடியில் தேங்கியதை வடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நிரப்ப நாட்கணக்கில் ஆயிற்று. மொங்கோல்ஃபியே முறையில் அதற்குச் சில நிமிடம்.

டிசம்பர் 1 அன்று ஷார்லும் நிக்கொலா-லூயி ரொபேரும் 380 கன மீட்டர் ஹைட்ரஜனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து 36 கி.மீ. போனார்கள். உச்சியில் வால்வு, மேலே வலை, வலையில் கட்டிய கூடை, மணல் மூட்டை, உயரம் பார்க்கப் பாரமானி. கன மீட்டருக்கு 1.1 கிலோ தூக்கும் வாயு, தீ இல்லை. பத்து நாட்களில் கதை மாறிவிட்டது.


#12 வினாக்குறி

அப்படியானால் பிலாத்ர் ஏன் 1785இல் ஹைட்ரஜன், வெப்பக்காற்று இரண்டையும் ஒரே பலூனில் சேர்த்தார்? அவரே தீயின் ஆபத்தை நேரில் பார்த்தவர் அல்லவா?


#13 அமிலக்குடுவை

யோசனை தவறானது அல்ல. ஹைட்ரஜன் பலூனில் ஏற மணலைக் கொட்ட வேண்டும், இறங்க வாயுவை விட வேண்டும், இரண்டும் தீர்ந்துபோகும். ஆங்கிலக் கால்வாயைப் பிரான்சிலிருந்து கடக்க எதிர்க்காற்றைத் தவிர்த்து, சாதகமான காற்று ஓடும் உயரத்தைத் தேடி ஏறி இறங்க வேண்டும். மேலே ஹைட்ரஜன் கோளம் எடையைத் தாங்கட்டும், கீழே வெப்பக்காற்று உருளை ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அமைத்தார்.

கேடு அமைப்பில்தான். உருளையின் சூடு கோளத்தின் அடியைச் சூடேற்றும், ஹைட்ரஜன் விரியும், உபரி வாயு வெளியேறும் இடத்துக்கு அருகிலேயே தீ. 1785 ஜூன் 15 அன்று பூலோஞிலிருந்து கிளம்பி, அரை மணி நேரத்துக்குள் பலூன் கரைப்பக்கம் திரும்பி விமரே அருகே விழுந்தது. பிலாத்ரும் பியேர் ரொமேனும் இறந்தார்கள். தீப்பிடித்ததா, வால்வை இழுத்தபோது உறை கிழிந்ததா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. கிழிசல் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் அந்த அமைப்பில் தீ ஒரு நாள் நிச்சயம் பிடித்திருக்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் வைத்ததும் அதே அமைப்பு பத்திரமானது. 1999இல் இடைநில்லாமல் உலகைச் சுற்றிய பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 இந்த வகைதான்.


#14 கணப்பு

வெப்பக்காற்று திரும்பி வந்ததையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம். 1960 அக்டோபர் 22, அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் ப்ரூனிங், பறந்தவர் எட் யோஸ்ட், நைலான் உறை, புரொப்பேன் எரிப்பான். புரொப்பேன் கிலோவுக்கு 46 மெகாஜூல், வைக்கோலின் மூன்று மடங்கு. பொறி கிடையாது, வால்வைத் திருகினால் சுவாலை. 1783இல் உறையைக் கெடுத்த இரண்டும், எடையும் பொறியும், ஒரே சமயத்தில் தீர்ந்தன.


#15 வினாக்குறி

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்ய வேண்டும் என்றால் எந்த அளவு? தீ வைக்காமல் முடியுமா?


#16 நெசவுநூல்

முடியும். தீ வேண்டவே வேண்டாம். மெழுகுவர்த்தி கட்டி வானில் விட்டால் எந்தக் கூரையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விட்டம் 1.5 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். சதுர மீட்டருக்கு 18 கிராம் உள்ள மெல்லிய டிஷ்யூ தாளில் 60 செ.மீ. கோளம் செய்தால் தாள் மட்டும் 20 கிராம், 80 டிகிரிச் சூட்டில் அது தூக்குவதோ 19 கிராம்தான். எழும்பவே எழும்பாது. 1 மீட்டர் தட்டுத்தடுமாறி எழும். 1.5 மீட்டரில் பசை உட்பட 150 கிராம், தூக்குவது 290 கிராம்.

12 இதழ்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் நடுவில் 39.3 செ.மீ. அகலம். நடுவிலிருந்து 39 செ.மீ. தள்ளி 34, 59 செ.மீ. தள்ளி 27.8, 78.5 செ.மீ. தள்ளி 19.6, 98 செ.மீ. தள்ளி 10.2, 118 செ.மீ.இல் கூர்முனை. கீழ்ப்பாதியை 98இல் வெட்டிவிட்டால் 39 செ.மீ. வாய் கிடைக்கும். இந்த அகலங்களோடு ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ. ஒட்டும் ஓரம் சேருங்கள். 20 × 30 அங்குலத் தாள் இதழுக்கு மூன்று, ஆக 36. அட்டையில் ஒரு அச்சு வெட்டி, தாள்களை அடுக்கி, கிளிப் போட்டு ஒரே தடவையில் வெட்டினால் இதழ்கள் ஒன்றுபோல் வரும். தனித்தனியே வெட்டினால் கடைசி ஒட்டில் இரண்டு விரல்கடை மிஞ்சும், அங்கே சுருங்கிக் கசியும்.

நீர்த்த பசை தாளைச் சுருக்கும், குச்சிப்பசை நல்லது. உச்சியில் 12 முனையும் கூடும் இடம் ஒழுங்காக ஒட்டாது. மேலே 15 செ.மீ. வட்டத்தாள் ஒட்டி மூடிவிடுங்கள், அழுத்தம் அதிகமுள்ள இடம் அதுதான். வாயில் மெல்லிய மூங்கில் சிம்பு வளையம், 10 கிராமுக்கு மேல் வேண்டாம். அது இல்லாவிட்டால் பலூன் தலைகீழாகக் கவிழ்ந்து சூட்டைக் கொட்டிவிடும்.


#17 கன_அடி

சூட்டுக்கு 2,000 வாட் ஹாட் ஏர் கன் வையுங்கள். இந்த அளவு பலூன் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 35 வாட் இழக்கும். 1,200 வாட் ஹேர் டிரையர் 34 டிகிரி வித்தியாசத்தைத் தாண்டாது, மிதக்கவே 25 தேவை, இழுப்பு தெரியாது. 2,000 வாட் என்றால் 55ஐ நெருங்கும். ஆனால் அதன் மூக்கிலிருந்து வரும் காற்று நேரடியாகப் பட்டால் தாள் கருகும். வாய்க்கு ஒரு முழம் கீழே வைத்து, நடுவே 15 செ.மீ. அகலத் தகரக் குழாயை நிறுத்தி அதன் வழியே ஊதுங்கள். பக்கத்துக் காற்றையும் இழுத்துக் கலந்து அனுப்பும்.

வெயில் ஏறுமுன், மின்விசிறி அணைத்த கூடத்தில் செய்யுங்கள். வளையத்தில் மூன்று இடத்தில் தையல் நூல் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டவுடன் ஏறி, அரை நிமிடம் கழித்து இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதே உறையை இரண்டாவது தடவை, இன்னும் பத்து விநாடி கூடுதலாகச் சூடேற்றி விட்டால் எவ்வளவு கூடுகிறது என்பதையும் மாணவர்களே அளந்துகொள்ளலாம்.